மணவாளக்குறிச்சி மணலும் அணுக்கருவின் வடிவங்களும்

நெய்யூரில் கதிர்வீச்சைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒன்று ஆஸ்பத்திரிப் பேச்சு. 1838இல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரியும், 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் சாமர்வெல் பல ஆண்டுகள் அறுவைக் கத்தி பிடித்த கதையும், ஊரின் பெயரோடு சேர்ந்தே வரும் புற்றுநோய் மையமும் கொண்ட பேச்சு அது. அங்கே கதிர்வீச்சு என்றால் வைத்தியம். இன்னொன்று கடற்கரைப் பேச்சு. திங்கள்சந்தை தாண்டித் தெற்கே சில கிலோமீட்டர் போனால் மணவாளக்குறிச்சி. சின்னவிளை, பெரியவிளை, கடியப்பட்டணம் என்று கரையோரம் முழுக்கக் கருமணல். அங்கே கதிர்வீச்சு என்றால் பயம்; வீட்டில் யாருக்காவது கட்டி என்று தெரிந்தால் முதலில் எழும் கேள்வி மணலைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்வியை நான் சிறிதாக நினைக்கவில்லை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்து, 2009இல் வெளியான ஆய்வு, மண்ணின் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. அது அந்தக் கரையின் கணக்கு. நம் கரைக்காரர்களின் கவலைக்கு நம் கரையில் எடுக்கும் கணக்குதான் பதிலாக முடியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. வைத்தியம், பயம் என்ற இந்த இரண்டு பேச்சுக்கும் வெளியே, அதே மணலுக்கு மூன்றாவது ஒரு முகம் இருக்கிறது. அதை நம் ஊரில் யாரும் போதுமான அளவு பேசவில்லை என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன். கன அணுக்கருக்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன, ஆற்றல் கூடினால் எப்படிச் சுழல்கின்றன, எப்படி அதிர்கின்றன என்று உலகம் நூறு ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விக்கான விடைகளில் ஒரு பெரும் பகுதி இந்த மணலின் சிதைவுத் தொடருக்குள் வரிசையாக அடுக்கியிருக்கிறது.

மணலின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல் ஜெர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க்கின் கண்ணில் பட்டது என்றும், அதன் தடம் பிடித்து வந்து 1909இல் மணவாளக்குறிச்சியில் மோனசைட் இருப்பதை அவர் கண்டார் என்றும் சொல்வார்கள். அன்று தோரியத்துக்கு இருந்த பெரிய சந்தை விளக்குத் திரி. கல்யாண வீட்டிலும் திருவிழாப் பந்தலிலும் உஸ்ஸென்ற இரைச்சலோடு எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வெள்ளை மேண்டில் பெரும்பாலும் தோரியம் ஆக்சைடு. சுதந்திரத்துக்குப் பிறகு அதே தோரியம் அணு உலை எரிபொருளாகப் பார்க்கப்பட்டது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சி ஆலை இன்று அதனுடையது. இந்திய மோனசைட்டில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு இருக்கும். திரிக்காரர்களுக்கும் உலைக்காரர்களுக்கும் அது ஒரு பண்டம். அணுக்கரு இயற்பியலருக்கு அது ஒரு பாடப் புத்தகம்.

கருமணலுக்கு நடுவில் தேன் நிறத்தில் தெரியும் மோனசைட் மணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்தால், அதற்குள் ஆயிரக்கணக்கான லட்சம் கோடி தோரியம்-232 அணுக்கருக்கள் இருக்கும். அவற்றில் ஒன்று ஏறத்தாழ இரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை உடைந்து ஆல்பா துகளைத் துப்பும். தோரியம்-232இன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. ஏறத்தாழ பிரபஞ்சத்தின் வயதுக்குச் சமம். உடைந்த கரு ரேடியம்-228 ஆகும். அங்கிருந்து ஆக்டினியம்-228, தோரியம்-228, ரேடியம்-224, ரேடான்-220, பொலோனியம்-216, ஈயம்-212, பிஸ்மத்-212 என்று இறங்கி, அங்கே வழி இரண்டாகப் பிரிந்து பொலோனியம்-212 வழியாகவோ தாலியம்-208 வழியாகவோ ஈயம்-208இல் போய் நிற்கும். அதற்கப்பால் சிதைவு இல்லை.

இதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். ஆல்பாவுக்கு நாலு கழி, பீட்டாவுக்கு ஒன்று கூட்டு என்று கணக்காக மட்டும் படித்தோம். ஒவ்வொரு படியிலும் கரு தன் உருவத்தை மாற்றிக்கொண்டே இறங்குகிறது என்று சொல்லித்தந்தவர் இல்லை.

அணுக்கரு உருண்டையாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மழைத்துளிபோல ஒட்டிக்கொண்ட துகள்களின் திரள், பரப்பு இழுவிசையால் உருண்டுகொள்ளும் என்ற எண்ணம். 1935இல் ஷூலரும் ஷ்மிட்டும் யூரோப்பியம் அணுவின் நிறமாலைக் கோடுகளை நுணுக்கமாக அளந்தபோது, கரு உருண்டை என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஒத்துவரவில்லை. பிறகு 1949இல் மரியா கோப்பெர்ட் மேயரும் யென்சனும் கூடு மாதிரியைத் தந்தார்கள். புரோட்டான்களும் நியூட்ரான்களும் அடுக்கடுக்கான கூடுகளில் நிரம்புகின்றன. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களில் கூடு நிறைந்துவிட்டால் கரு உருண்டையாக, இறுக்கமாக இருக்கும். ஈயம்-208இல் 82 புரோட்டான், 126 நியூட்ரான். இரண்டு கூடும் நிறைந்த கரு அது.

கூடு நிறையாவிட்டால் என்ன ஆகும்? 1950இல் ரெயின்வாட்டர் சொன்ன விடை இது: வெளிக்கூட்டில் சுற்றும் துகள்கள் உள்ளே இருக்கும் திரளையே தங்கள் பாதைக்கு ஏற்ப இழுத்துவிடும். கயிற்றுக் கட்டிலில் படுத்தவனின் உடம்புக்கு ஏற்பக் கயிறு குழிவதைப் போல. ஆகே போரும் பென் மோட்டல்சனும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இதை முழுக் கோட்பாடாக வளர்த்தார்கள். மூவருக்கும் 1975இல் நோபல் பரிசு கிடைத்தது. 1955இல் ஸ்வீடனின் நில்சன், நீண்டுபோன கருவுக்குள் கூடுகள் எப்படி மாறும் என்று வரைந்த படம் இன்றும் இந்தத் துறையில் எல்லோர் மேசையிலும் இருக்கும்.

கருவைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் லட்சம் கோடி பங்கில் சுமார் பதினைந்து பங்கு. அப்படியானால் அதன் உருவம் எப்படித் தெரியும்? அது சுழல்வதை வைத்துத் தெரியும். குவாண்டம் இயற்பியலில் முழு உருண்டை மொத்தமாகச் சுழலுவது என்பதே கிடையாது; எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருளில் திரும்பியதற்கு அடையாளமே இல்லை. நீண்ட கரு என்றால் திசை உண்டு, அது சுழலலாம். சுழற்சிக்கு ஆகும் ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும். அந்தப் படிகள்தாம் கிளர்வு நிலைகள். கரு ஒரு படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கும்போது, படியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு ஆற்றலுள்ள காமாக் கதிரை விடும். காமாவை அளந்தால் படி தெரியும். படி தெரிந்தால் உருவம் தெரியும்.

இதில் ஒரு கணக்கு மிக அழகானது. புரோட்டான் எண்ணிக்கையும் நியூட்ரான் எண்ணிக்கையும் இரட்டைப்படையாக உள்ள கரு நல்ல சுழலியாக இருந்தால், அதன் இரண்டாவது படி முதல் படியைப்போல 3.33 மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும். உருண்டையாக இருந்து வெறுமனே விம்மித் தணிந்து அதிர்கிற கரு என்றால் அது 2 மடங்கு. கூடு நிறைந்த கருவை ஒட்டி இருந்தால் அதற்கும் கீழே போகும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நம் மணலின் தொடரை மேலிருந்து கீழாக நடந்து பார்க்கலாம். ஆற்றலுக்கு அளவு கே.இ.வி., அதாவது ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்.

தோரியம்-232இல் முதல் படி 49, இரண்டாவது 162. விகிதம் 3.28, ஏறத்தாழ அப்பழுக்கற்ற சுழலி. நாவற்பழம்போல நீண்ட உருவம். நீள அச்சு குறுக்கச்சைவிட ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிகம். தோரியம்-228க்கு 58, 187, விகிதம் 3.23. இதுவும் நாவற்பழம்தான். ரேடியம்-224க்கு 84, 251, விகிதம் 2.97. இங்கே ஏதோ தளர ஆரம்பிக்கிறது. ரேடான்-220இல் முதல் படி சட்டென்று 241க்கு ஏறிவிடுகிறது, விகிதம் 2.21. சுழலி போய் அதிர்வி வந்துவிட்டது. பொலோனியம்-216இல் முதல் படி 550. பொலோனியம்-212இல் 727, விகிதம் 1.56. கடைசியில் ஈயம்-208. அதன் முதல் படி 2,614 கே.இ.வி. தோரியத்தைத் தட்டியெழுப்ப ஆகும் ஆற்றலைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் கொடுத்தால்தான் ஈயம் அசையும்.

49இல் தொடங்கி 2,614 வரை ஏறும் இந்த வரிசையை முதன்முதலில் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை. நீண்ட உருவம் எப்படிச் சிறிது சிறிதாக உருண்டையாகிறது என்று காட்ட முடுக்கிகளில் எத்தனையோ கருக்களைச் செயற்கையாக உண்டாக்குகிறார்கள். மண்டைக்காட்டுக் கொடைக்குப் போகிறவர்கள் மிதித்து நடக்கும் மணல், அந்தப் பாடத்தைத் தானாகவே நடத்திக்கொண்டிருக்கிறது.

இதில் பலவும் நேரடியாகக் கேட்கக்கூடிய பாடம். மோனசைட்டின் அருகில் ஒரு ஜெர்மேனியம் படிக உணர்வியை வைத்தால் வரும் காமா நிறமாலையில் 911, 969 என்று இரண்டு உயர்ந்த கோடுகள் எழும். ஆக்டினியம்-228 பீட்டா விட்டுத் தோரியம்-228 ஆகும்போது, அந்த நாவற்பழம் தன் இடுப்பைப் பக்கவாட்டில் அமுக்கி விம்முகிற ஓர் அதிர்வு நிலைக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கும் ஓசைகள் அவை. 241இல் ஒரு கோடு. ரேடியம்-224 சிதையும்போது நூற்றுக்கு ஐந்து முறை ரேடான்-220இன் முதல் படியில் போய் விழுவதால் வருவது. பக்கத்திலேயே 239இல் இன்னும் பலமான கோடு ஒன்று இருப்பதால் இதைப் பிரித்துப் பார்க்க நல்ல உணர்வி வேண்டும். 727இல் பொலோனியம்-212. 583, 2,614 இரண்டும் ஈயம்-208. உலகில் எந்த மூலையில் காமா உணர்வியைத் திறந்து வைத்தாலும், சுவரிலும் மண்ணிலும் உள்ள தோரியத்தால் அந்த 2,614 கோடு தெரியும். அரிய நிகழ்வுகளைத் தேடுகிறவர்கள் அதை மறைக்கப் படாத பாடு படுகிறார்கள்.

அந்த 2,614 நிலையே தனி ஆர்வத்துக்குரியது. உருண்டையான கரு கிளர்ந்தால் முதலில் தட்டையாகி நீண்டு அதிரும் என்று எதிர்பார்ப்போம். ஈயம்-208 அப்படிச் செய்வதில்லை. அது ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்து, பிறகு மாறி, கொல்லாம்பழ உருவத்துக்குப் போய்ப் போய் வருகிறது.

கொல்லாம்பழம் என்றதும் ரேடியம்-224க்குத் திரும்ப வேண்டும். பழைய பெயர் தோரியம்-எக்ஸ். 1902இல் ரூதர்ஃபோர்டும் சாடியும் ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று சொல்லத் துணிந்தது இதை வைத்துத்தான். 3.6 நாள் அரை ஆயுள் உள்ள இந்தக் கரு நிரந்தரமாகவே ஒரு பக்கம் பெருத்த உருவத்தில் இருக்கலாம் என்று கோட்பாட்டாளர்கள் நெடுநாள் சொல்லிவந்தார்கள். புரோட்டான் 88ஐயும் நியூட்ரான் 134ஐயும் ஒட்டிய எண்ணிக்கையில், எதிரெதிர்ச் சமச்சீர் கொண்ட இரண்டு வகைப் பாதைகள் மிக அருகருகே வந்து ஒன்றையொன்று இழுக்கும் என்பது அவர்கள் கணக்கு. 2013இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் கேஃப்னி, பட்லர் குழுவினர் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அதை அளந்தார்கள். யுரேனியம் கார்பைடை உயர் ஆற்றல் புரோட்டானால் மோதி, அதிலிருந்து ரேடியம்-224ஐயும் ரேடான்-220ஐயும் பிரித்தெடுத்து, முடுக்கி, நிக்கல், காட்மியம் போன்ற மெல்லிய தகடுகள்மேல் விட்டார்கள். கருக்கள் முட்டிக்கொள்ளாமல், மின்புலத்தால் மட்டும் ஒன்றையொன்று உலுக்கிச் செல்லும் வேகம். எழுந்த காமாக்களை மினிபால் என்ற உணர்வித் தொகுதி எண்ணியது. ரேடியம்-224 நிலையாகவே கொல்லாம்பழ உருவம்; ரேடான்-220 அந்த உருவத்துக்குப் போய்ப் போய் வரும் அதிர்வி மட்டும் என்பது முடிவு.

இரண்டும் நம் மணலில் தாயும் பிள்ளையும். செர்னில் பலர் உழைத்து உண்டாக்கிய கருக்கள், மணவாளக்குறிச்சி ஆலை முற்றத்தில் ஒவ்வொரு நொடியும் பிறந்து மறைகின்றன. ஆனாலும் மணலை அள்ளி இந்தச் சோதனையைச் செய்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். உருவத்தை நேராக அளக்கக் கற்றையாக முடுக்கிய கரு வேண்டும். மணல் சொல்வது படிகளின் உயரத்தை மட்டும்.

இந்த உருவத்தின்மேல் ஏன் இத்தனை அக்கறை? பிரபஞ்சத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் பிறந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து நாம் யாருமே இருந்திருக்க மாட்டோம். பொருளுக்குச் சார்பாக இயற்கையில் எங்கோ ஒரு சிறு பாரபட்சம் இருக்க வேண்டும். அது அணுவில் மின் இருமுனைத் திருப்புத்திறன் என்ற மிக மெல்லிய அடையாளமாகத் தென்படலாம். கொல்லாம்பழக் கரு அந்த அடையாளத்தை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் என்று கணக்குகள் சொல்கின்றன. ரேடியம்-224க்குச் சுழல் பூச்சியம் என்பதால் அது இதற்கு உதவாது. பக்கத்து வீட்டுக்காரன் ரேடியம்-225ஐ லேசரால் பிடித்து நிறுத்தி, 2015இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தார் முதல் அளவீட்டைச் செய்தார்கள். அடையாளம் இன்னும் அகப்படவில்லை.

கருவுக்குக் கிளர்வு நிலைகள் உண்டு என்ற அறிவுக்கே தோரியத் தொடரில்தான் தடம் கிடைத்தது. 1929இல் பாரிஸ் அருகே பெல்வியூவில் இருந்த பெரிய மின்காந்தத்தில் ரோசன்ப்ளூம், அன்று தோரியம்-சி எனப்பட்ட பிஸ்மத்-212இன் ஆல்பா கதிர்களை வளைத்துப் பார்த்தார். ஒரே கோடாக விழ வேண்டியவை சில கோடுகளாகப் பிரிந்து விழுந்தன. முதல் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 40 கே.இ.வி. அடுத்த ஆண்டு காமோவ் பொருள் சொன்னார்: ஆல்பா சில வேளை சேய்க் கருவைத் தரை நிலையில் விட்டுப் போகிறது, சில வேளை மேல் படியில் விட்டுப் போகிறது. படி என்ற எண்ணம் அங்கே ஊன்றியது.

படிகளின் உயரத்திலிருந்து வடிவம் மட்டுமல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். தோரியம்-232இன் படிகளைக் கொண்டு அதன் சுழற்சித் தடையைக் கணக்கிட்டால், கல்போல இறுகிய பொருளுக்கு வர வேண்டியதில் ஏறக்குறைய பாதிதான் வருகிறது. அவித்த முட்டையையும் பச்சை முட்டையையும் தரையில் சுழற்றிக் கண்டுபிடிப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. பச்சை முட்டையின் உள்ளே இருப்பது ஓட்டோடு சேர்ந்து சுழலுவதில்லை. கருவுக்குள்ளும் துகள்கள் இரண்டிரண்டாக இணைசேர்ந்து, உராய்வற்ற திரவம்போல நழுவுகின்றன. உலோகங்களின் மீகடத்துத்திறனை விளக்கிய அதே இணைசேர்க்கை என்று போர், மோட்டல்சன், பைன்ஸ் மூவரும் 1958இல் எழுதினார்கள்.

நம் பக்கத்தில் இந்தத் துறை எங்கே வளர்ந்தது? கருவைச் சுழற்றிப் பார்க்கும் பெரிய முடுக்கிகள் மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய மூன்று ஊர்களில் இருக்கின்றன. அவற்றுக்கிடையே பெயர்ந்து பெயர்ந்து போவதாக அமைக்கப்பட்டது, நாலிதழ்ப் பூப்போல நான்கு ஜெர்மேனியம் படிகங்கள் சேர்ந்த குளோவர் உணர்விகளின் தொகுதி. இந்தியத் தேசிய காமா அணி, சுருக்கமாக இங்கா. 24 குளோவர்கள் வரை சுற்றி நிற்கும். ஒரு கருவி மூன்று ஊருக்குப் பொதுச் சொத்தாக இருந்து, பல்கலைக்கழக மாணவர்கள் முறைவைத்து அளக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அளப்பது மட்டுமல்ல, அளந்ததைத் திரட்டுவதும் இங்கே நடந்தது. ஈயத்தை ஒட்டிய கருக்களில் உருண்டையாக இருந்தும் ஒழுங்கான சுழற்சிப் படிகள் தெரிந்தபோது உலகமே குழம்பியது. புரோட்டான்களின் சுழலும் நியூட்ரான்களின் சுழலும் கத்தரிக்கோலின் இரண்டு கால்கள்போல மெல்ல மூடுவதால் வருவது என்று ஃபிராவன்டார்ஃப் விளக்கினார். காந்தச் சுழற்சி எனப்படும் இவற்றை உலகளவில் திரட்டி 2000இல் அட்டவணையாக்கியது ரூர்க்கியில் அசோக் ஜெயினின் குழு.

தெற்கே அப்படிப்பட்ட முடுக்கி இல்லை, கோட்பாடு இருந்தது. அதுவும் எங்கோ தூரத்தில் அல்ல, நம் மாவட்டக் கல்லூரிகள் இணைந்திருக்கும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். அங்கே ஜி. சண்முகமும், பிறகு ரூர்க்கி ஐ.ஐ.டி.க்குப் போன பி. அறுமுகமும் சூடான, வேகமாகச் சுழலும் கருக்களின் உருவங்களைக் கணக்கிட்டார்கள். கருவுக்குச் சூடு ஏற்றினால் கூடுகளின் பிடி தளர்ந்து அது உருண்டையாக முயல்கிறது. சுழற்சி கூட்டினால் முதலில் பூசணிக்காய்போலத் தட்டையாகி, ஒரு வேகத்துக்கு மேல் சட்டென்று நீண்டுவிடுகிறது. இதை வெளியிலிருந்து அறிய ஒரு வழி, கருவின் புரோட்டான் திரளும் நியூட்ரான் திரளும் எதிரெதிராக ஆடும் பெரும் இருமுனை ஒத்ததிர்வு. நீண்ட கருவில் நீளவாக்கில் ஆடுவது மெதுவாகவும் குறுக்கே ஆடுவது வேகமாகவும் இருக்கும் என்பதால் ஒற்றை மேடு இரண்டு மேடாகப் பிளக்கும். அந்தப் பிளவு சூட்டிலும் சுழற்சியிலும் எப்படி மாறும் என்பதே அவர்கள் கணக்கு.

சுழலும் திரவம் தட்டையாகிப் பிறகு நீளுவது நட்சத்திரக் கணக்கிலிருந்து வந்த பழைய பிரச்சினை. மக்ளாரின், ஜக்கோபி என்று பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயர்கள் அதில் உண்டு. சிதறிக் கிடந்த அதையெல்லாம் சரிபார்த்து, பிழை களைந்து, 1969இல் ஒரே நூலாக்கியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அந்த நூல் வந்து ஐந்து ஆண்டில், 1974இல், கோஹன், பிளாசில், ஸ்வியாடெக்கி மூவரும் சுழலும் நட்சத்திரத்தையும் சுழலும் கருவையும் ஒரே தராசில் வைத்துக் காட்டினார்கள். நட்சத்திரத்தைச் சேர்த்துப் பிடிப்பது ஈர்ப்பு, கருவைச் சேர்த்துப் பிடிப்பது பரப்பு இழுவிசை. உருவங்களின் வரிசையோ ஏறத்தாழ ஒன்று.

சண்முகத்துக்கு இன்னொரு தடமும் உண்டு. 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஸும் ஜோன்ஸும், ரேடியம்-223 மிக அரிதாக ஆல்பாவுக்குப் பதில் கார்பன்-14ஐயே துப்புவதைக் கண்டார்கள். சுமார் நூறு கோடி ஆல்பாவுக்கு ஒன்று. இந்தக் கொத்துச் சிதைவுக்குக் கமலகரனோடு சேர்ந்து 1980களின் இறுதியில் சண்முகம் ஒரு மாதிரியைத் தந்தார். கருவும் கொத்தும் ஒட்டியிருக்கும் கட்டத்தில் இருக்கும் தடையின் உருவத்தைக் கணிப்பது அதன் மையம். நம் தொடரிலேயே ரேடியம்-224 கார்பன்-14ஐ விடுவதும், தோரியம்-228 ஆக்ஸிஜன்-20ஐ விட்டு ஒரே தாவலில் ஈயம்-208க்கு இறங்குவதும் அளக்கப்பட்டிருக்கின்றன. ஏழு படி இறங்க வேண்டிய வழியை, பத்து லட்சம் கோடி சிதைவுகளில் ஒன்று இப்படிக் குதித்தே கடக்கிறது.

வெளி உலகில் நடந்த மற்றவற்றை விரைவாகச் சொல்லலாம். 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரியில் டிஸ்ப்ரோசியம்-152 கரு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் நீண்டு சுழல்வதைக் கண்டார்கள். ஏணிப்படி வைத்ததுபோல 47 கே.இ.வி. இடைவெளியில் பத்தொன்பது காமாக் கோடுகள். 2000இல் ஈயம்-186இல் உருண்டை, தட்டை, நீளம் ஆகிய மூன்று உருவமும் 700 கே.இ.வி.க்குள்ளேயே அடுத்தடுத்து இருப்பது தெரிந்தது. 2024இல் நியூயார்க் அருகே ஸ்டார் குழுவினர் யுரேனியம்-238 கருக்களை ஒளிவேகத்துக்கு மிக அருகில் மோதவிட்டு, சிதறலின் பாங்கிலிருந்து உருவத்தைப் படித்தார்கள். நீண்டது என்று நினைத்த யுரேனியத்தில் மூன்று அச்சும் சற்றே வேறுபடுவதன் தடயம் கிடைத்தது. ஜப்பானின் ஓட்சுகா, கனக் கருக்களில் பெரும்பாலானவை நாவற்பழம் அல்ல, மாங்கொட்டைபோல மூன்று அச்சும் வேறானவை என்று வாதிட்டுவருகிறார். அவர் சொல்வது நிலைத்தால், போர்–மோட்டல்சன் காலத்திலிருந்து பாடப்புத்தகத்தில் இருக்கும் படம் திருத்தப்படும். மேலே தோரியத்துக்கு நான் சொன்ன உவமையும்தான்.

இனி கல்பாக்கம். அங்கே 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய காமினி என்ற 30 கிலோவாட் உலையின் எரிபொருள் யுரேனியம்-233. தோரியம்-232 ஒரு நியூட்ரானை விழுங்கி, புரோட்டாக்டினியம் வழியாக யுரேனியம்-233 ஆகிறது. அந்த யுரேனியம் ஆல்பா விட்டால் கிடைப்பது தோரியம்-229. இதுவரை தெரிந்த எல்லாக் கருக்களிலும் மிகத் தாழ்ந்த கிளர்வு நிலை இதற்குத்தான்: 8.4 எலக்ட்ரான் வோல்ட். கே.இ.வி. அல்ல, வெறும் எலக்ட்ரான் வோல்ட். மற்றக் கருக்களை எழுப்ப முடுக்கி வேண்டும். இதை 148 நானோமீட்டர் புற ஊதா லேசரே எழுப்பிவிடும். 2024இல் ஜெர்மனி–ஆஸ்திரியா குழுவும், பிறகு அமெரிக்காவின் கொலராடோ குழுவும் அதைச் செய்து காட்டின. அணுக் கடிகாரத்தைவிடத் திருத்தமான அணுக்கருக் கடிகாரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. தோரியத்தை அணுமின் திட்டத்தின் மூன்றாம் கட்ட எரிபொருளாக மட்டுமே எண்ணி வைத்திருக்கும் நாடு, தன் கையிலுள்ள யுரேனியம்-233இலிருந்து இந்தச் சேய்க் கருவைப் பிரித்து இந்த ஆராய்ச்சிக்குள் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். மோனசைட், சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட பொருள். யாரும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. ஆனால் பழைய விளக்கு மேண்டிலும், பற்றவைப்புக் கடைகளில் இருக்கும் தோரியம் கலந்த டங்ஸ்டன் கம்பியும் இந்தத் தொடரின் கருக்களையே ஏந்தியிருக்கின்றன. ஒரு நல்ல உணர்வி இருந்தால், முதுகலை மாணவர்கள் 241, 727, 2,614 ஆகிய மூன்று கோடுகளையும் ஒரே நாளில் தாங்களே அளந்து, கரு உருண்டையாவதைப் பார்த்துவிடலாம்.

தொடரின் கடைசிப் படியான ஈயம்-208 குறித்து மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். அதை இந்தக் கட்டுரை முழுக்க உருண்டை என்றே எழுதிவந்தேன். எல்லாப் புத்தகங்களும் அப்படித்தான் எழுதின. 2025இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தின் ஹெண்டர்சன் குழுவினர், ஆர்கான் ஆய்வகத்தில் கிரெட்டினா உணர்வித் தொகுதியைக் கொண்டு ஈயம்-208இன் கிளர்வு நிலைகளை மறுபடி உலுக்கி அளந்தார்கள். உருண்டையிலிருந்து விலகலைக் காட்டும் எண்கள், எதிர்பார்த்ததுபோலப் பூச்சியத்தை ஒட்டி இல்லை. நாவற்பழத்தின் பக்கமாக, சற்றே நீண்ட உருவத்தையே அவை காட்டுகின்றன. அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்த கோட்பாடு எதிலும் அந்த எண்கள் சரியாக வரவில்லை. அப்படி அளக்கப்பட்ட நிலைகளில் ஒன்று 2,614. மணவாளக்குறிச்சி மணலில் நூறு தோரியம் சிதைந்து முடியும்போது 36 முறை எழும் அதே நிலை.